பூட்டு கீழே... சாவி மலை மேலே!

உங்க ஹாஸ்டல் ஜிம்ல லாக்கர் இருக்கா? அதுக்கு சாவி இருக்கா, இல்லே போன்லயே திறக்கற ஹைடெக் பூட்டா? ரெண்டாவதுன்னா இதைப் படிச்சுட்டு மத்த வேலையைப் பாருங்க பாஸ்!

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஜவ்வாது மலை, காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். எதிரே வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய டோம். அதுக்குள்ளே இருக்கிற 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-ல திறந்து வெச்சது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு 1977-ல உலகத்துக்குத் தெரிஞ்சப்போ, அந்தக் காட்சியைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. சும்மாவா? நம்ம ஊர் மலைங்க! 'வெளிச்சம் ஆகாது தம்பி, போனை உள்ளே வைங்க'ன்னாங்க. சமர்த்தா ஆஃப் பண்ணிட்டேன். எப்படியும் டவர் கிடைக்கலை. அன்னிக்கு ராத்திரி மலையிலேயே ஒரு நண்பன் வீட்டுல சாமைச் சோறு, தூக்கம்.

அதே நேரம் கீழே எங்க ஹாஸ்டல் ஜிம்ல, என் ரூம்மேட் லாக்கர் முன்னாடி நின்னு என் நம்பருக்கு அடிச்சுட்டே இருந்திருக்கான்.

விஷயம் இதுதான். எங்க ஜிம்ல ரெண்டு பேருக்கு ஒரு லாக்கர். புதுசா மாட்டின போன் பூட்டுல ஒருத்தர்தான் 'ஓனர்', இன்னொருத்தர் 'கெஸ்ட்'. ஓனர் நான். கெஸ்ட் அனுமதி முப்பது நாளைக்குத்தான், அப்புறம் ஓனர் ஓ.கே. கொடுக்கணும். அந்த முப்பதாவது நாள் நான் நட்சத்திரம் பார்த்துட்டு இருந்தேன். உள்ளே அவனோட பெல்ட், ஷூ, ஐ.டி. கார்டு. மறுநாள் காலையில இன்டர்காலேஜ் பவர்லிஃப்ட்டிங். ஐ.டி. கார்டு இல்லாம எடை பார்க்க மாட்டாங்க. எடை பார்க்காம பாரைத் தொட முடியாது.

சரி, இந்தப் பூட்டு எப்படித்தான் வேலை செய்யுது? (இன்ஜினீயரிங் படிக்கறோம்ல, கொஞ்சம் சீன் போட விடுங்க!)

பெரும்பாலும் ப்ளூடூத்தான். நல்ல பூட்டுன்னா, நீங்க பக்கத்துல போனதும் அது ஒரு ரேண்டம் நம்பரை அனுப்பும். உங்க போன் தன்கிட்ட இருக்கற ரகசிய எண்ணை வெச்சு அந்த நம்பரைக் குழப்பித் திருப்பி அனுப்பும். பூட்டும் தன் பங்குக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ரெண்டும் ஒத்துப்போனா, குட்டி மோட்டார் சுத்தி தாழ் விலகும். கவனிச்சீங்களா? ரகசிய எண் காத்துல பறக்கவே இல்லை. பக்கத்துல ஒருத்தன் ஒட்டுக் கேட்டாலும் அவனுக்குக் கிடைக்கறது அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகற விடைதான். இதுக்கு இன்டர்நெட்டே வேண்டாம்.

சிக்கல், அந்த ரகசிய எண்ணை எங்கே வெச்சிருக்காங்கங்கறதுலதான். உங்க போன்லயே இருந்தா மலை மேலேயும் திறக்கும், பாதாளத்துலயும் திறக்கும். எங்கேயோ இருக்கற சர்வர் ஒவ்வொரு தடவையும் 'ம்... திற'ன்னு தலையாட்டணும்னா, அவ்வளவுதான், நெட் போனா பூட்டும் போச்சு. எங்க பூட்டுல ஓனருக்கு முதல் வகை, கெஸ்ட்டுக்கு ரெண்டாவது வகை. சர்வர் அவனைப் பார்த்து 'யாருப்பா நீ?'ன்னு கேட்டிருக்கு.

வெளிநாட்டுலயும் இந்தக் கூத்து நடந்திருக்கு. 2016-ல அமெரிக்காவில டெஃப்கான் மாநாட்டுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 16 ப்ளூடூத் பூட்டுகளைச் சோதிச்சதா சொன்னாங்க. 12 திறந்துடுச்சு! அதுல சிலது பாஸ்வேர்டை அப்படியே பச்சையா அனுப்புற ரகம். 2017-ல லாக்ஸ்டேட்ங்கற கம்பெனி வேற மாடலுக்கான சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தவறுதலா அனுப்ப, சுமார் 500 கதவுப் பூட்டுகள் மக்கர் பண்ணிடுச்சு. நல்லவேளை, அதுக்கு சாதா சாவியும் இருந்தது. 2018-ல டாப்லாக் கதை இன்னும் ஜோர். நூறு டாலர் பூட்டு, கைரேகை எல்லாம் உண்டு. ஆனா திறக்கற ரகசியத்தை, அந்தப் பூட்டு ஊருக்கே கூவிச் சொல்லிட்டு இருக்கற தன் ப்ளூடூத் முகவரியிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துடலாம்னு பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு செகண்ட்ல திறந்துடுச்சு. கம்பெனி அப்புறம் அவசரமா அப்டேட் விட்டது.

எங்க லாக்கரை ஹேக் பண்ண அவ்வளவு மூளை தேவைப்படலை. ஞாயித்துக்கிழமை காலையில பி.டி. சார் ஊர்ல இல்லை, மாஸ்டர் போன் அவர்கிட்ட. கடைசியில வாட்ச்மேன் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோட வந்தார். கதவோட கீல் வெளிப்பக்கம்! நாலு ஸ்க்ரூ, அஞ்சு நிமிஷம். கதவு கையோட வந்துடுச்சு. பூட்டு மட்டும் கடமை தவறாம பூட்டியே இருந்ததாம்.

அப்போ மணி ஒன்பதரை. எடை பார்க்கற நேரம் எட்டரைக்கே முடிஞ்சிருந்தது.

நான் பைக்ல ஆலங்காயம் பக்கம் இறங்கறப்போதான் போனுக்கு உயிர் வந்தது. 23 மிஸ்டு கால். கூடவே ஆப்ல இருந்து ஒரு நோட்டீஸ்: 'உங்கள் கெஸ்ட் அனுமதி கேட்கிறார். சம்மதமா?' ரோட்டோரமா நிறுத்தி சம்மதம்னு அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. எதுக்கு?

அவன் திட்டவே இல்லை. திட்டியிருந்தா தேவலை. 'அடுத்த மீட் பார்த்துக்கலாம்டா'ன்னு சொல்லிட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டான். ஃபைனல் இயர் அவன். அடுத்த மீட்னு ஒண்ணுதான் மிச்சம்.

உங்க காலேஜ்லயும் இதை மாட்டப் போறாங்கன்னா வாய் விட்டுக் கேளுங்க. நெட் இல்லாம திறக்குமா? போன் செத்தா நம்பர் அழுத்தித் திறக்க பட்டன் உண்டா? பூட்டுல பேட்டரி தீர்ந்தா, சில மாடல்ல இருக்கற மாதிரி வெளியே 9 வோல்ட் பேட்டரியை ஒட்டி உசுப்ப முடியுமா? மாஸ்டர் சாவி யார்கிட்ட, அவர் லீவுன்னா யார்கிட்ட? ஷேர் பண்றவங்க ரெண்டு பேருமே ஓனரா இருக்கலாமா? அப்புறம் இது முக்கியம்: யார் எத்தனை மணிக்குத் திறந்தாங்கங்கற கணக்கு எங்கே போகுது? நீங்க எத்தனை நாள் ஜிம்முக்கு மட்டம் போட்டீங்கன்னு வார்டன் பார்க்கறது உங்களுக்கு ஓ.கே.வா? எங்களுக்கு இது எதையும் கேக்கத் தோணலை. ஆப்ல பச்சையா மின்னினதும் எல்லாரும் போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான்.

இப்போ எங்க லாக்கர்ல தொங்கறது திண்டுக்கல் பூட்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அதே திண்டுக்கல் பூட்டுதான். தூக்கினா டம்பெல் மாதிரி கனம். கீலையும் உள்பக்கமா மாத்தச் சொல்லி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கெஞ்சிட்டு இருக்கோம். ரெண்டு சாவி. ஒண்ணு என் பைக் சாவியோட, இன்னொண்ணு அவன் கழுத்துக் கயித்துல. தினம் காலையில அஞ்சரைக்கு அவன் அதைத் திறக்கற 'டக்' சத்தத்துலதான் எனக்கு வார்ம்-அப்பே ஆரம்பிக்குது. மீட்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு.