முதல் கடல் பயணம்: நிறுவனத்தையும் கப்பலையும் தேர்ந்தெடுத்தல்

கடலில் முதன்முறையாகப் பயணம் செய்பவர் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, எந்த நிறுவனத்தை நம்புவது என்பது. மற்றொன்று, அந்த நிறுவனத்தின் எந்தக் கப்பலில் ஏறுவது என்பது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கட்டணம் இந்த இரண்டு கேள்விகளையும் எளிதில் மறைத்துவிடும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரம் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறியவர்கள் அப்போது இரண்டு நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்வில் நடந்ததை அறிந்துகொள்வது இன்றைய பயணிக்கும் பயன்படும்.

கரிசலும் கண்டிச்சீமையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் முதலியவை இங்கு வடகிழக்குப் பருவமழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு அருகில் இருந்த வெளிநாடு இலங்கை. திருநெல்வேலிச் சீமையில் அதைக் 'கண்டிச்சீமை' என்று அழைத்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களும் கொழும்புக் கடைவீதிகளுக்கு வணிகர்களும் தூத்துக்குடி வழியாகச் சென்றார்கள்.

1876-இல் தூத்துக்குடி வரை ரயில்பாதை வந்தது. கோவில்பட்டியில் ரயில் ஏறியவர் மணியாச்சி வழியாகத் துறைமுகத்தை அடைய முடிந்தது. கரிசல் பருத்தியும் அதே வழியில் கடலுக்குப் போனது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 150 கடல் மைல் தொலைவு. நீராவிக் கப்பலுக்கு அது ஓர் இரவுப் பயணம். துறைமுகத்தில் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. பயணிகள் படகில் போய்க் கப்பலில் ஏற வேண்டியிருந்தது.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாருக்கும் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களை ஊரில் திரட்டி அழைத்துச் சென்றவர் கங்காணி. வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறியது. கப்பல் எது என்பதைத் தொழிலாளி முடிவு செய்யவில்லை. ஆனால் அதன் செலவை அவரே சுமந்தார். தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் வணிகர்களும் கைக்காசு கொடுத்துப் பயணம் செய்தவர்களும்தான்.

இரண்டு நிறுவனங்கள்

இந்தக் கடல்வழியில் ஆதிக்கம் செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். 1856-இல் வேறு பெயரில் தொடங்கி 1862-இல் இந்தப் பெயரைப் பெற்ற நிறுவனம் அது. தூத்துக்குடியில் அதன் முகவராக இருந்தது ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனம். தூத்துக்குடி கோரல் நூற்பாலையும் ஹார்வி நிறுவனத்தைச் சேர்ந்ததே.

இதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. இதை முன்னின்று உருவாக்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை, கரிசல் நிலத்து ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வழக்கறிஞர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது ஒவ்வொன்றும் 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் நிறுவனத்தின் தலைவராக இருந்தார்.

நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. பிரிட்டிஷ் நிறுவனத்தின் நெருக்கடியால் ஷா லைன் பின்வாங்கியதும் சேவை தடுமாறியது. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து வ. உ. சி. நிலைமையைச் சமாளித்தார். சொந்தக் கப்பல் இல்லாத நிறுவனம் இன்னொருவர் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்பது அப்போது தெளிவாயிற்று. 1907-இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக வந்து சேர்ந்தன.

காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் சாதாரண வகுப்பினர் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. கப்பலின் வரவு அவர்களையும் சரக்கு மூட்டைகளையும் நம்பியே இருந்தது.

கட்டணப் போட்டி

பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாக, அதாவது 16 அணாவாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் 8 அணாவுக்கு இறங்கியது. அதற்கு மறுமொழியாகப் பிரிட்டிஷ் நிறுவனம் பயணத்தை இலவசமாக்கி, ஏறுபவருக்கு ஒரு குடையும் தர முன்வந்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது கொள்ளை லாபம். ஆனால் கப்பல் நிரம்பினாலும் காலியாகப் போனாலும் எரியும் கரி ஒன்றுதான், மாலுமிகளின் சம்பளமும் ஒன்றுதான். பல கடல்வழிகளில் கப்பல் விட்ட நிறுவனம் ஒரு வழியில் ஏற்படும் இழப்பை வேறு வழிகளின் வருவாயால் ஈடுகட்டும். ஒரே வழியை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. எதிராளியின் கையிருப்பு தீரும்வரை கொடுப்பதற்காகவே அந்தக் குடை வந்தது. எதிராளி போன பிறகு கட்டணத்தை முடிவு செய்யப்போவது மிஞ்சிய நிறுவனம்தான்.

1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. மார்ச் 12-ஆம் நாள் வ. உ. சி. கைது செய்யப்பட்டார். ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் சிறையில் இருந்த காலத்தில், 1911-இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் விடுதலையான வ. உ. சி., வழக்கறிஞர் உரிமத்தைத் திரும்பப் பெற்ற பின் 1920-களில் கோவில்பட்டியில் தொழில் செய்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பிற்காலக் கப்பல்கள்

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் இலங்கைப் பயணிகளில் பெரும்பகுதியினர் அந்தக் குறுகிய வழிக்கு மாறினர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980-களில் நின்றது.

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி – கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. ஸ்காட்டியா பிரின்ஸ் என்னும் அந்தக் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றக்கூடியது. 1972-இல் கட்டப்பட்டு, வட அமெரிக்கக் கடலில் நீண்ட காலம் ஓடிய கப்பல் அது. போதிய பயணிகள் இல்லாமல் சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன் திரும்பத் தொடங்கியது.

தொடங்கிய சேவை அடுத்த மாதமும் ஓடுமா என்பது முதல் பயணி கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. நிறுவனம் எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது, அந்த வழியில் எத்தனை பருவங்கள் கப்பல் விட்டிருக்கிறது, பயணம் ரத்தானால் பணத்தை எப்படித் திருப்பித் தரும் என்பவற்றை முன்பதிவுக்கு முன்பே எழுத்து வடிவில் பெறுவது நல்லது.

பயணிகள் கப்பலும் சுற்றுலாக் கப்பலும்

ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது பயணிகள் கப்பல். சென்னையிலிருந்து அந்தமானுக்கும் கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்கும் செல்லும் கப்பல்கள் இந்த வகை. அந்தமானைச் சென்றடைய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். இலட்சத்தீவுக்கு முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும்.

சுற்றுலாக் கப்பலில் கப்பலே தங்கும் விடுதி. உணவு, கலைநிகழ்ச்சி, நீச்சல் குளம் எல்லாம் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும். சென்னையிலிருந்து 2022 ஜூனில் கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இத்தகைய பயணங்களைத் தொடங்கியது. 2023-இல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது. கடலை ஒருமுறை அறிந்துகொள்ள விரும்புபவருக்கு இரண்டு அல்லது மூன்று இரவுப் பயணம் போதுமானது.

கப்பலைத் தேர்தல்

வயதும் அளவும்: எம்ப்ரஸ் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்த கப்பல். அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 48,500 டன். 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் ஏறத்தாழ 2,48,000 டன். பெரிய கப்பல் அலையில் குறைவாக ஆடும், பொழுதுபோக்கு வசதிகள் அதிகம். சிறிய கப்பல் சிறிய துறைமுகங்களுக்கும் போக முடியும், வழிதவறாமல் சுற்றிப் பார்க்கலாம். பழைய கப்பல் என்றால் அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

அறை: உள் அறைக்குச் சன்னல் கிடையாது, விலை குறைவு. அடுத்தவை கடல் தெரியும் சன்னல் அறை, பால்கனி அறை. பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கை தூக்கிப்போடுவதைப் போல, கப்பலின் முன்முனையிலும் பின்முனையிலும் மேல்தளங்களிலும் ஆட்டம் அதிகம். குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்கலாம்.

முழுச் செலவு: விளம்பரக் கட்டணம் பொதுவாக இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. தனியாகச் செல்பவர் கூடுதலாகக் கொடுக்க நேரும். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் சேவைக் கட்டணம், இணைய வசதி, கரைச் சுற்றுலா ஆகியவை சேர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். 'இலவசம்' என்று சொல்லப்படும் எதற்கும், அது இல்லாவிட்டால் மொத்தத் தொகை என்ன என்று கேட்டுப் பார்க்கலாம்.

பருவம்: ஐப்பசி, கார்த்திகையில் கரிசலுக்கு விதைப்பு ஈரம் தரும் அதே மழைதான் வங்கக் கடலில் கப்பல்களை நிறுத்துகிறது. தையில் அறுவடை தொடங்கி மாசி, பங்குனி வரை உள்ள காலத்தில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வேளாண் குடும்பத்தின் கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும் காலமும் அதுவே.

ஆவணமும் வழியும்: இலங்கையைத் தொடும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். கோவில்பட்டியிலிருந்து முத்துநகர் விரைவு ரயிலில் இரவு ஏறினால் காலையில் சென்னை எழும்பூரை அடையலாம். ஆனால் ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகப் போய்விடுவது பாதுகாப்பு.

பாதுகாப்பு: டைட்டானிக் விபத்துக்குப் பின் 1914-இல் கடல்பயணப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. 2012-இல் இத்தாலிக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா மூழ்கிய பிறகு, புதிதாக ஏறிய பயணிகளுக்கான ஆபத்துக்கால ஒத்திகையைப் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. உயிர்காக்கும் அங்கி எங்கே இருக்கிறது, எந்தத் தளத்தில் கூட வேண்டும் என்பதை முதல் பயணி அந்த ஒத்திகையிலேயே தெரிந்துகொள்ளலாம். உணவுக்கூடத்துக்குப் போகும் முன் அறையிலிருந்து அந்தத் தளத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.