இல்லத்தின் வாசலுக்கு அப்பால்

வெலிமடைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நாற்றுமேடையைக் கண்டிருப்பீர்கள். இளங்கன்றுகளின் மேலே நிழற்கூரை இருக்கும். அக்கூரையைச் சிறிது சிறிதாக அகற்றி, கன்றுகளை வெயிலுக்குப் பழக்கிய பின்னரே மலைச்சரிவில் நடுகிறார்கள். கன்றுக்குக் காட்டும் இந்தப் பொறுமையைச் சிறுவர் இல்லங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் காட்டுகிறோமா?

நேயர்களே, இவ்வில்லங்களில் வளர்வோர் எல்லோரும் பெற்றோரை இழந்தவர் அல்லர். வறுமையினாலும் குடும்பப் பிரிவினாலும் அங்கு வந்து சேர்ந்தவர் பலர். 18 வயது நிறைந்ததும் அவர்கள் வெளியேற வேண்டியவராகின்றனர். பெற்றோருடன் வாழும் பிள்ளைக்கு, வேலை தவறினாலும் திரும்பிவர ஓர் அடுப்படி உண்டு. இவர்களுக்கு அது இல்லை.

தோட்டத்துப் பிள்ளையின் நிலை இன்னும் கடினமானது. லயத்து அறை தோட்டத்தில் தொழில் செய்யும் குடும்பத்தோடு பிணைந்தது. அங்கு உழைக்கும் உறவினர் இல்லையெனில், பிறந்த தோட்டத்திலும் அவனுக்கு இடம் இல்லை.

ஆகவே, வெளியேறும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே திட்டம் தொடங்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் இதையே வலியுறுத்துகின்றன. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய இளைஞர் ஒவ்வொருவருக்கும் எழுத்திலான திட்டமும் தனி ஆலோசகரும் வேண்டுமென விதித்தது. இலங்கையும் 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்தது.

திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? முதலாவது, ஆவணங்கள். பிறப்புப் பதிவு இல்லையெனில், காலங்கடந்த பதிவுக்கு உடனே முயல வேண்டும். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். மாணவனாக இருக்கையில் பாடசாலை அதிபர் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவார். முகவரியற்றவனாகி நின்றபின், உறுதிப்படுத்துவோரைத் தேடி அலைய நேரிடும். அட்டையின்றி வங்கிக் கணக்கும் வேலையும் பெறுவது அரிது.

இரண்டாவது, தொழில். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிந்து, இல்லத்தில் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்க வேண்டும். பாதியில் வெளியேறியவன் கிடைத்த கூலிக்குப் போய்விடுவான்.

மூன்றாவது, பணமும் இருப்பிடமும். சம்பளம் மாத இறுதியில் வரும். அறைக்கோ முற்பணம் கேட்பார்கள். அந்த முதல் மாதத்தைக் கடக்கச் சேமிப்பு வேண்டும். சமைக்கவும், பேருந்தில் தனியே சென்று அலுவலகத்தில் தன் காரியத்தைப் பேசி முடிக்கவும் அவன் பழகியிருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழியும்போது, முதலாளி 12 செலுத்த வேண்டுமென்பதையும் அவன் அறிந்திருக்க வேண்டும்.

இவை யாவற்றினும் மேலானது, ஒரு மனிதர். காய்ச்சல் வந்தாலும், தீபாவளிக்குப் போக இடமில்லையென்றாலும், தயங்காமல் நாடக்கூடிய ஒருவர். உறவினரோ, ஆசிரியரோ, இல்லத்து முன்னாள் மாணவரோ, யாராயினும் அவர் பெயர் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அவருடைய சம்மதமும் பெறப்பட வேண்டும்.

இத்திட்டத்தைப் பிள்ளையோடு அமர்ந்து எழுதுக. அவனுக்காகப் பிறர் எழுதிவைத்த தாள், வாசலைக் கடந்ததும் பையின் அடியில் கிடக்கும். தானே சிந்தித்து எழுதியது அவனுக்கு வழிகாட்டும்.