உங்களுக்குத் தெரியுமா? ஓடோமீட்டர் மோசடிக்கு மூன்று மடங்கு இழப்பீடு

பயன்படுத்திய காரைத் தனிநபரிடம் வாங்கியவர், அது ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் குறைத்துத் திருத்தப்பட்டிருப்பதைப் பின்னர் அறிய நேர்ந்தால், அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் துணையை நாடலாம். வணிகர், தனிநபர் என்ற வேறுபாடு பாராத இச்சட்டம், ஏமாற்றும் நோக்கம் மெய்ப்பிக்கப்படுமாயின், நேர்ந்த இழப்பின் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இவற்றுள் எது மிகுதியோ அதனையும், வழக்கறிஞர் கட்டணத்தையும் விற்றவரே செலுத்த வேண்டும் என விதிக்கிறது. அந்நோக்கத்தை நிறுவுவதே உண்மையில் கடினமானது. வாகனத்தின் உரிமை ஆவணமாகிய டைட்டிலில் விற்றவர் கையொப்பமிட்டு எழுதித் தந்த தூரக்கணக்கு, பழைய சர்வீஸ் ரசீதுகளில் பதிவான கணக்கோடு முரண்படும்போது வழக்கு வலுப்பெறுகிறது. வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் அளிக்கும் காலம் 2 ஆண்டுகளே என்பதால், இச்சான்றுகளைத் தாமதமின்றித் திரட்டுவது இன்றியமையாதது.