கையெழுத்துக்கு முன் கேளுங்கள்



"ஸார் சொன்னாங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்." மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் தாயார் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் சொன்னது இது. எந்தத் தாளில் கையெழுத்திட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆண்டு முழுவதும் பிள்ளை கடைசி பெஞ்சிலேயே சும்மா உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தாள்தான் தனிநபர் கல்வித் திட்டம். பிள்ளை இந்த ஆண்டு என்ன கற்க வேண்டும், யார் உதவ வேண்டும் என்பதை வகுப்பாசிரியரும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும், பெற்றோரும் கலந்து பேசி எழுத வேண்டும். பெற்றோர் வாய் திறக்காவிட்டால் அது வெறும் தாள்தான்.

நாம் கேட்பது தயவு அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது.

கூட்டத்திற்கு முன்: பிள்ளை தானாகச் செய்பவை, திணறுபவை, எதனால் மிரளுகிறான், எதனால் அமைதியாகிறான் என்பதை ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். யு.டி.ஐ.டி. அட்டை, மருத்துவச் சான்று ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். முக்கியமான மூன்று கோரிக்கைகளை எழுதிக்கொள்ளுங்கள். தாயை மட்டும் அனுப்பாமல் தந்தையும் உடன் செல்லுங்கள்.

கூட்டத்தில்: பிள்ளையால் முடிந்ததிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். "நன்றாகப் படிப்பான்" என்று எழுதினால் போதாது. "டிசம்பருக்குள் 20 பொருள்களை எண்ணிக் காட்டுவான்" என்பதுபோல் எழுதச் சொல்லுங்கள். யார், வாரத்தில் எத்தனை நாள் கற்பிப்பார், எப்போது மறுபடி பார்ப்போம் என்று கேளுங்கள். புரியாததை மீண்டும் விளக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். படித்துப் பார்த்தபின் கையெழுத்திட்டு, நகல் வாங்குங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. நாளையும் நம் பிள்ளை அதே ஆசிரியரிடம்தான் படிக்க வேண்டும்.

பிறகு: சொன்னது நடக்கவில்லையெனில் தலைமையாசிரியரிடமும், அடுத்து வட்டார வள மையத்திலும் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

அந்தத் தாயார் இவ்வாண்டு நோட்டுடன் சென்றார். பிள்ளை இப்போது முதல் பெஞ்சில் இருக்கிறான். மனு எழுதவோ, துணைக்கு வரவோ ஆள் தேவைப்படுவோர் நம் அலுவலகத்திற்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடன் வருவோம்.