நான்கு சக்கரம், ஒரே இருக்கை

மலையடிவாரத்திலும் மணல்மேட்டிலும் வாடகைக்குக் கிடைக்கும் ஏ.டி.வி.யைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது. அதை ஓட்டவும் பராமரிக்கவும் தனிப் பக்குவம் வேண்டும்.

மணாலியைத் தாண்டி சோலாங் பள்ளத்தாக்கு. கோடை விடுமுறை வந்தால் புல்வெளி ஓரத்தில் குண்டு டயர்களுடன் வரிசை கட்டி நிற்கின்றன ஏ.டி.வி.க்கள். எந்த நிலத்திலும் ஓடும் என்று பெயர் பெற்ற நான்கு சக்கர வண்டிகள் இவை. பணம் கொடுத்தால் ஒரு சுற்று. அப்பா ஹேண்டில்பாரைப் பிடிக்க, அம்மா பின்னால் ஒட்டிக்கொள்ள, பையன் பெட்ரோல் டேங்க் மேல் ஏறிக்கொள்கிறான். லடாக்கின் ஹுண்டர் மணல்மேடுகளிலும், ஜெய்சால்மர் அருகே சாமிலும், கட்ச் வெள்ளை ரணிலும் காட்சி ஏறக்குறைய இதுதான். ஹெல்மெட் கேட்டால் கிடைக்கலாம். கேட்பவர்கள் குறைவு. ஓட்டத் தெரியுமா என்ற கேள்விக்கு, "ஸ்கூட்டர் ஓட்டுவேன்" என்பது போதுமான பதிலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அது போதுமான பதில் அல்ல. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கைகால்கள்தான் ஏ.டி.வி.யில் முதல் ஆபத்து. ஸ்கூட்டர் சாய்ந்தால் காலை ஊன்றுவது நம் ஊர்க்காரர்களுக்கு அனிச்சையாகவே வந்துவிட்டது. ஏ.டி.வி.யில் காலை ஊன்றினால், பின்னால் வரும் அகன்ற டயர் பாதத்தின் மேல் ஏறி, காலை அடியில் இழுத்துக்கொண்டுவிடும். ஸ்கூட்டரில் கையை முறுக்கினால் வேகம். பெரும்பாலான ஏ.டி.வி.க்களில் வலது கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள வேண்டும். பயந்துபோனவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார். அப்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும். வண்டி நிற்க வேண்டிய நேரத்தில் பாயும்.

இந்த வண்டியின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் அதன் குணம் பிடிபடும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்த ஹோண்டா விற்பனையாளர்களுக்கு ஒரு கவலை: குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் வாங்க ஆள் இல்லை. பனியிலும் சேற்றிலும் ஓடும் ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஜப்பானுக்குச் சொன்னார்கள். பொறியாளர் ஒசாமு டகேயுச்சியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. இரண்டு சக்கரத்திலிருந்து ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்த அவர், கடைசியில் மூன்றில் வந்து நின்றார். 1970இல் யு.எஸ்.90 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 89 சி.சி. இன்ஜின், விலை 595 டாலர். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. பலூன் மாதிரி இருந்த டயர்கள்தான் குலுக்கலைத் தாங்கின. அடுத்த ஆண்டே ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அது தலைகாட்டியது. பிறகு விற்பனைக்குக் கேட்க வேண்டுமா?

விற்பனை கூடக் கூட அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் கூட்டம் கூடியது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று முக்கோணமாக நிற்கும் வண்டி, வளைவில் பிரேக் பிடித்தால் முன்பக்க மூலை வழியாகச் சாய்ந்துவிடுகிறது. ஓட்டியவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். சுசுகி 1982இல் நான்கு சக்கர மாடலைக் கொண்டுவந்தது. ஆனால் மூன்று சக்கரம் உடனே ஓயவில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, விஷயம் நீதிமன்றம் வரை சென்று, 1988இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து கம்பெனிகளும் பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. வாங்குவோருக்குப் பயிற்சி தரவும், 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு உரியது என்று விற்காமலிருக்கவும் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. 1998இல் ஒப்பந்தம் காலாவதியானது. 2008இல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர ஏ.டி.வி.க்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அமெரிக்காவில் தடை விதித்தது.

நான்கு சக்கரம் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சாலைக்கு வெளியே ஓடும் இத்தகைய வண்டிகளால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 700 பேருக்கு மேல் இறப்பதாகவும், சுமார் ஒரு லட்சம் பேர் அவசர சிகிச்சைக்கு வருவதாகவும் அதே ஆணையம் கணக்கிடுகிறது. பயிற்சிப் பள்ளியும் ஹெல்மெட்டும் எளிதில் கிடைக்கும் நாட்டிலேயே இந்த நிலை.

உடம்புதான் ஸ்டியரிங்

ஏ.டி.வி.யின் இருக்கை நீளமாக இருப்பதைப் பார்த்து இரண்டு பேர் உட்காரலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தவறான புரிதல்களில் முதலிடம் இதற்குத்தான். (இருவருக்கென்றே தயாரிக்கப்பட்ட மாடல்கள் உண்டு. ஆனால் அவை தனி ரகம். பின்னால் உட்காருபவருக்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் வைத்தே வரும்.) அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக. பெரியவர்களுக்கான ஒரு ஏ.டி.வி. 300 கிலோ வரை எடை இருக்கும். அதன் மேல் 70 கிலோ மனிதர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ, அதைப் பொறுத்து மொத்த எடையின் மையம் இடம் மாறுகிறது. மேட்டில் ஏறும்போது உடம்பை முன்னால் கொண்டுபோக வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் தள்ளி, சின்ன கியரில் இன்ஜின் வேகத்தாலேயே கட்டுப்படுத்தி இறங்க வேண்டும். நியூட்ரலில் இறங்குவது தற்கொலை முயற்சி. சரிவில் குறுக்காகப் போகும்போது மேட்டுப் பக்கம் சாய வேண்டும். பின்னால் ஒருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடக்காது. 30 கிலோ எடையுள்ள பத்து வயதுப் பையன் தனியாக ஓட்டினாலும் நடக்காது. அவன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வண்டி பொருட்படுத்தாது.

வளைவில் இன்னொரு சிக்கல். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுழல டிஃபரென்ஷியல் வழி செய்கிறது. பல ஏ.டி.வி.க்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகக் கோக்கப்பட்டவை. ஒரே வேகத்தில்தான் சுழலும். எனவே ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே முயலும். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் எடையை ஊன்றி, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தால் உள் சக்கரம் லேசாக வழுக்கித் திரும்ப இடம் கொடுக்கும். பழகினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் வித்தைதான். பழகாதவர் ஹேண்டிலை இன்னும் பலமாகத் திருப்புவார். வண்டி திடீரென்று பிடிப்புக் கிடைத்து வெளிப்பக்கம் கவிழும். தார் ரோட்டில் இது இன்னும் மோசம். சேற்றைக் கவ்வுவதற்கான டயர் தாரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். சாலையில் ஓட்டாதே என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பது சட்டத்துக்காக மட்டுமல்ல.

மேட்டின் நடுவே இன்ஜின் நின்றுபோவதுதான் பயங்கரம். நின்றவுடன் பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கிவிட வேண்டும். அதற்குள் பின்னால் உருளத் தொடங்கிவிட்டால் உடம்பை முன்னால் சாய்த்து முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் பின் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரங்கள் மேலே கிளம்பி, வண்டி மல்லாந்து, ஓட்டியவர் மேலேயே விழும். எலும்பு முறியாவிட்டாலும், மார்பின் மேல் வண்டி கிடந்தால் மூச்சுத் திணறியே உயிர் போகும். பக்கத்தில் தூக்கிவிட ஆள் இல்லாத விவசாயிகள் ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இப்படிப் பலியாகியிருக்கிறார்கள்.

அங்கே அது அரசியல் பிரச்னையாகவே ஆனது. இருக்கைக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தால், கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் இடையில் ஆள் ஊர்ந்து வெளியே வர இடம் கிடைக்கும் என்றது ஒரு தரப்பு. கம்பியே ஓட்டுபவரை அடித்துவிடும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். ஆஸ்திரேலிய அரசு முதல் தரப்பின் பக்கம் நின்றது. 2019இல் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்து, 2021 அக்டோபர் முதல் பொதுப் பயன்பாட்டுக்கான புதிய வண்டிகளில் கம்பியைக் கட்டாயமாக்கியது. ஹோண்டாவும் யமஹாவும் போலாரிஸும் அந்த ரக வண்டிகளையே அந்தச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டன. அயர்லாந்து வேறு வழியில் போனது: 2023 நவம்பர் முதல் வேலையிடங்களில் இந்த வண்டியை ஓட்டுபவர் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஹெல்மெட் அணிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் போலாரிஸ் 2011இல் கடை விரித்தது. ராணுவமும் மலைமுனைகளுக்கு ஏ.டி.வி. வாங்கியது. 2025 குடியரசு தின அணிவகுப்பில் 'சேதக்' என்ற பெயரில் ஒன்று போனது (பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பொறியியல் மாணவர்கள் தாங்களே ஏ.டி.வி. கட்டி ஓட்டும் 'பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டி 2007இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்தும் அணிகள் ரயில் ஏறுகின்றன. அங்கே ஒரு கறாரான விதி: பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காத வண்டி பந்தயத்துக்குள் நுழைய முடியாது. மாணவன் தன் கையால் வெல்டிங் செய்த வண்டிக்கு இருக்கும் சோதனை, பள்ளத்தாக்கில் வாடகைக்கு நிற்கும் வண்டிக்கு இல்லை.

தூசிதான் எதிரி

வாடகை வண்டி நாளெல்லாம் ஓடுகிறது, வெவ்வேறு கைகளில். சொந்தமாகப் பண்ணையிலோ எஸ்டேட்டிலோ வைத்திருப்பவருக்கும், பத்து வண்டி வைத்துத் தொழில் நடத்துபவருக்கும் தேவையான கவனிப்பு ஒன்றுதான். ஆனால் அதில் அதிகம் கோட்டை விடப்படுவது டயர் காற்று. காருக்கு 30 பவுண்டு வைத்துப் பழகியவர்கள் இதற்கும் பெட்ரோல் பங்க்கில் ஒரு அடி அடித்துவிடுகிறார்கள். ஏ.டி.வி. டயருக்குத் தேவை பெரும்பாலும் 3 முதல் 7 பவுண்டு வரைதான். சரியான அளவு டயரின் பக்கவாட்டிலோ வண்டியில் ஒட்டியுள்ள சீட்டிலோ இருக்கும். பங்க்கில் உள்ள மீட்டர் இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான தனி மீட்டர் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். காற்று அதிகமானால் வண்டி பந்து போலக் குதிக்கும். இடதில் நான்கும் வலதில் ஆறும் இருந்தால் ஒரு பக்கமாகவே இழுக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பார்ப்பது நல்லது.

அடுத்தது ஏர் ஃபில்டர். ராஜஸ்தான் மணலில் முன்னால் போகும் வண்டியின் புழுதியை முழுவதும் குடிப்பது பின்னால் வரும் வண்டியின் இன்ஜின். பெரும்பாலான மாடல்களில் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். அதைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரிலோ அதற்கான கரைசலிலோ அலசி, துணி பிழிவது போல முறுக்காமல் மெல்ல அழுத்திப் பிழிந்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஃபில்டர் எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். முறுக்கினால் கிழியும், எண்ணெய் இல்லாவிட்டால் நுண்மணல் உள்ளே போய் பிஸ்டனைத் தேய்க்கும். மணலில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன கால இடைவெளி பொருந்தாது. ஓட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும் திறந்து பார்ப்பதுதான் சரி.

தண்ணீருக்குள் இறங்கி ஏறிய வண்டியில் பிரேக் சில கணம் வேலை செய்யாது. மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக அழுத்தி உலர்த்த வேண்டும். பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியில் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும். வண்டி உறுமும், நகராது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. செயின் உள்ள மாடலில் தொய்வு, மற்றதில் அச்சு முனைகளைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை, இரண்டும் பார்க்க வேண்டியவை. உறை கிழிந்தால் க்ரீஸ் வெளியே, மணல் உள்ளே. சைலன்சரைச் சுற்றிச் செருகிய காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்பதால் அதையும் உருவிப் போட வேண்டும். கழுவும்போது பீய்ச்சியடிக்கும் பம்ப்பை பேரிங் பக்கம் காட்டாமலிருந்தால் பேரிங் நீடிக்கும்.

வாடகைக்கு ஏறுபவர் இவ்வளவையும் சோதிக்க முடியாது. ஆனால் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். நான்கு டயரையும் கையால் அழுத்திப் பார்க்கலாம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா என்று பார்க்கலாம். கட்டைவிரல் நெம்புகோலைத் தள்ளி விட்டால் சட்டென்று திரும்பி வருகிறதா, பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா, சிவப்பு நிற 'ஸ்டாப்' ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, அதை அழுத்தினால் இன்ஜின் நிற்கிறதா? நெம்புகோல் திரும்பி வரத் தாமதித்தால் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பணம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தக் கேட்பதற்கும்தான்: பல மாடல்களில் நெம்புகோலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதை உள்ளே திருகினால் நெம்புகோல் பாதி தூரம்தான் போகும். புதியவருக்குக் கொடுக்கும் முன் அதைத் திருகிவிட வாடகைக்காரருக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

மட்கார்டிலும் டேங்க்கிலும் கம்பெனியே ஒட்டி அனுப்பும் எச்சரிக்கைச் சீட்டு இருக்கும். 16 வயதுக்குட்பட்டவர் ஓட்டக் கூடாது, இன்னொருவரை ஏற்றக் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் கூடாது, தார் ரோட்டில் கூடாது என்று ஆங்கிலத்தில், படங்களுடன். பள்ளத்தாக்கில் பல சீசன் பார்த்த வண்டிகளில் அது பெரும்பாலும் உரிந்திருக்கும், இல்லையென்றால் சேறு மூடியிருக்கும். பையன் உட்காருவதும் அதற்குப் பக்கத்தில்தான்.