நாலு கோடுகள், ஒரே சாலை

மாரத்தான் முடிந்த மறுநாள், எங்கள் குழுவில் நாலு பேரின் கைக்கடிகாரப் பதிவுகளை வாங்கி ஒரே வரைபடத்தில் போட்டேன். ஜிபிஎஸ் கடிகாரம் நொடிக்கு நொடி நாம் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும். நாலையும் ஒன்றாகப் புறப்பட வைத்தால், திரையில் நாலு புள்ளிகள் மறுபடி ஓடும்.

தம்பி ஒருவனின் கடிகாரம் 42.7 கிலோமீட்டர் காட்டியது. "தப்பா அளந்துட்டாங்கண்ணே" என்றான். மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்பது வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி, ஆகக் குறுகிய வழியில் அளப்பது. ஒரு யூ டர்னில் ஐந்து மீட்டர் தள்ளிச் சுற்றினாலே 15 மீட்டருக்கு மேல் கூடிவிடும். உயரமான கட்டடங்களில் சிக்னல் எதிரொலித்தும் கோடு நெளியும். அதனால் சின்ன நெளிவுகளை நான் நம்புவதில்லை. சாலையில் ஒரே இடத்தை யார் எப்போது கடந்தார்கள் என்றே பார்ப்பேன்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. 25-வது கிலோமீட்டரில் தம்பி, எங்கள் குழுவில் ஓடிய அக்காவை விட இரண்டு நிமிடம் முன்னால். 34-ல் அக்கா அவனைத் தாண்டுகிறார். அவர் வேகம் கூடவே இல்லை! தம்பியின் புள்ளி ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் அப்படியே நிற்கிறது: இருபது நொடி, முப்பது, இப்படிக் கூடிக் கடைசியில் ஐம்பது. அக்காவின் புள்ளி மெதுவாகிறதே தவிர, ஓரிடத்திலும் நிற்கவில்லை.

தம்பி அந்தத் துண்டை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். "முதல் பத்து கிலோமீட்டரைக் காட்டுங்கண்ணே" என்றான்.