அனுப்பினால் இடம் உண்டு. யார் பக்கத்தில் என்பதுதான் கேள்வி

புவியியலில் பிஎச்.டி. செய்கிறவர்களின் பேச்சில் 'ஏஏஜி' என்ற பெயர் அடிக்கடி வரும். அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அரிப்புச் சுழற்சி என்று பாடத்தில் படித்திருப்போமே, அந்த வில்லியம் மோரிஸ் டேவிஸ் முன்னின்று 1904இல் பிலடெல்பியாவில் தொடங்கிய சங்கம் அது. ஆண்டுக்கு ஒரு மாநாடு, பெரும்பாலும் மார்ச் ஏப்ரலில், ஊர் ஊராக மாறும். 2023இல் டென்வர், 2024இல் ஹொனலூலு, 2025இல் டெட்ராய்ட். அங்கே போய் ஒரு பேப்பர் கொடுப்பது என்றால் என்னென்ன நடக்கிறது? டீ ஆறினாலும் பரவாயில்லை, மெதுவாகவே பார்ப்போம்.

முதலில் அவர்கள் கேட்பது முழுக் கட்டுரையை அல்ல. ஆய்வுச்சுருக்கத்தை, அதாவது அப்ஸ்ட்ராக்டை. 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். கட்டணத்தையும் கட்டி, முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே அனுப்பிவிட வேண்டும். மாநாட்டுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கும். அதனால், முடிந்த வேலையைப் பற்றி எழுதுகிறவர்களைவிட நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி எழுதுகிறவர்களே அங்கே அதிகமாகத் தென்படுவார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 'கண்டறிந்தேன்' என்று எழுத முடியாத இடத்தில் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் போதும்.

ஏறக்குறைய எல்லாரும் தடுக்கி விழும் இடம் அடுத்து வருகிறது. அப்ஸ்ட்ராக்ட் என்பது நுழைவுத் தேர்வு, நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்ததும் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துக் கொண்டாடுவதும் அதனால்தான். ஆனால் ஏஏஜியின் வழக்கமே வேறு. விதிப்படி வந்த அப்ஸ்ட்ராக்டுகளை எல்லாம் ஏற்றுக்கொள்வதுதான் அங்கே மரபு. அப்படியென்றால் அது போலி மாநாடா என்று சந்தேகம் வருவது இயல்பு. பணத்தை வாங்கிக்கொண்டு யாருக்கும் மேடை கொடுக்கும் மாநாடுகள் நம் இன்பாக்ஸிலும் தினம் வந்து விழுகின்றனவே. வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் அந்த ஏற்பைத் தரச்சான்றாக நீட்டுவதில்லை. தரம் பார்ப்பது ஆய்விதழ்களின் வேலை. மாநாடு, அரைகுறையாக இருப்பதைப் பத்துப் பேர் முன்னால் பேசிப் பார்க்கிற இடம்.

அப்படியானால் அப்ஸ்ட்ராக்டை ஏன் மெனக்கெட்டு எழுத வேண்டும்? யாரோடு சேர்த்து உட்கார வைப்பார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மாநாடு நூற்றுக்கணக்கான அமர்வுகளாகப் பிரிந்து நடக்கும்; ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு ஓடும். ஓர் அமர்வில் நாலைந்து பேர். அந்த அமர்வை அமைப்பவரும் நம்மைப் போன்ற ஓர் ஆய்வாளர்தான். அவர் வேலை ஷேர் ஆட்டோ ஓட்டுநரின் வேலை: போகும் இடத்தைச் சொல்லிக் கூவுவார், அதே வழியில் போகிறவர்கள் ஏறிக்கொள்வார்கள், ஆள் சேர்ந்தால் வண்டி கிளம்பும். 'ஈரநிலமும் நகரமும் பற்றி அமர்வு வைக்கிறேன், வருகிறீர்களா' என்று அழைப்பு வரும். நாம் முதலில் அப்ஸ்ட்ராக்டை அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் சரி என்ற பிறகு சங்கத்தின் தளத்தில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணை அவரிடம் கொடுக்க வேண்டும். தேர்வு என்று ஒன்று நடந்தால் அது இந்தக் கட்டத்தில்தான். யாருடைய அமர்விலும் சேராமல் தனியாக அனுப்பினாலும் இடம் உண்டு. ஆனால் மிஞ்சியவற்றைச் சங்கமே தொகுக்கும்போது, நம் சதுப்பு நிலம் யாரோ ஒருவரின் பனிப்பாறைக்குப் பக்கத்தில் போய் உட்காரலாம். பனிப்பாறைக்காக வந்தவர் நம்மிடம் என்ன கேட்பார், பாவம்!

இதற்கு மாறாக, பிரிட்டனில் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி நடத்தும் ஆண்டு மாநாட்டில் பெரும்பாலும் அமர்வு அமைப்பாளர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். எனக்கென்னவோ அந்த முறைதான் புதியவர்களுக்கு நல்லது என்று தோன்றுகிறது.

சரி, எழுதுவது எப்படி? சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஆராய்கிற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 'நகரமயமாக்கல் இன்று உலகெங்கும் பெரும் சவாலாக விளங்குகிறது' என்று அவர் தொடங்கினால் அந்த வரி யாருடைய அப்ஸ்ட்ராக்டிலும் பொருந்தும். 'சதுப்பு நிலத்தின் எல்லை எந்தப் பதிவேட்டில் எங்கே முடிகிறது, மனைக்கு அனுமதி கொடுக்கும்போது எந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள்' என்று தொடங்கினால், ஜகார்த்தாவில் அதே வேலையைச் செய்கிறவர் நிகழ்ச்சி நிரலில் அந்த அறை எண்ணைக் குறித்துக்கொள்வார்.

பேசக் கிடைப்பது சுமார் 15 நிமிடம். ஐந்து அத்தியாயத் தீசிஸை அதற்குள் திணிக்க முடியாது. ஒரு கேள்வி, ஒரு வரைபடம், ஒரு பதில் போதும். அந்த வரைபடத்தையும் தீசிஸிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டக் கூடாது. காகிதத்தில் தெளிவாகத் தெரிந்த குறிவிளக்கம் திரையில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடும். பதினான்கு நிறத்தை மூன்றாகக் குறைத்து, நீர், கட்டடம், தகராறில் உள்ள நிலம் என்று பெயரை வரைபடத்தின் மேலேயே எழுதிவிட்டால் கடைசி வரிசைக்கும் புரியும். அமர்வின் தலைவர் 'இன்னும் 2 நிமிடம்' என்று சீட்டைக் காட்டும்போது பதிலைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். நன்றி ஸ்லைடு விட்டுப்போனால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

நன்றாகப் போன அமர்வுகளுக்கு ஒரு பின்கதை உண்டு. சில வாரம் கழித்து அமைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும்: இதை ஓர் ஆய்விதழின் சிறப்பிதழாகக் கொண்டுவரலாமா, முழுக் கட்டுரை எப்போது தருவீர்கள்? தந்த பிறகு, பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் அதை வரி வரியாகப் படித்துக் குறை சொல்வார்கள். நாம் முதலிலேயே பயந்த அந்தத் தேர்வு அப்போதுதான் ஆரம்பமாகும்.